இறந்தவருக்குத் தர வேண்டிய பணத்தை யாரிடம் கொடுப்பது?

கடன் கொடுத்தவர் இறந்த சில வாரங்களில், "இனி என்னிடம் கட்டுங்கள்" என்று ஒருவர் வருவார். கையில் தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ் இருக்கும். அதை நம்பிப் பணம் கொடுப்பதுதான் முதல் தவறு. உறவு யார் யார் என்று மட்டுமே அது சொல்லும். நாளை இன்னொரு வாரிசு பங்கு கேட்டால் உங்களைக் காப்பாற்றாது.

காப்பது நீதிமன்றக் காகிதம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 273ஆம் பிரிவுப்படி, புரொபேட் (உயிலை உறுதிசெய்து நீதிமன்றம் தரும் ஆணை) அல்லது நிர்வாக உரிமைப் பத்திரம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் ஒருவரை நியமித்துத் தரும் ஆணை) பெற்றவரிடம் கொடுத்த பணத்துக்குக் கடனாளிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. பின்னால் அந்த ஆணை ரத்தானாலும், அதற்கு முன் நல்லெண்ணத்தோடு கட்டியது செல்லும் (பிரிவு 297). "மனு போட்டாச்சு, ஆர்டர் வந்துடும்" என்பவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. பொறுத்திருங்கள். இந்தக் காகிதங்களோ, இறந்தவருக்கு வரவேண்டிய கடனை வசூலிக்க நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட்டோ இல்லாமல் அவர் வழக்குப் போட்டாலும், கடனைக் கட்டச் சொல்லி உங்கள்மேல் நீதிமன்றம் தீர்ப்பளிக்காது (பிரிவு 214). விவசாய நிலக் குத்தகைக்கு மட்டும் இந்த விதி கிடையாது.

சக்சஷன் சர்டிபிகேட் காட்டினால் அதிலுள்ள அட்டவணையைப் படியுங்கள். அதில் எழுதிய கடன்களுக்கும் பங்கு, கடன்பத்திரம் போன்ற முதலீட்டுப் பத்திரங்களுக்கும்தான் பாதுகாப்பு. உங்கள் கடன் விடுபட்டிருந்தால், சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். 376ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. வீடு, நிலம் வாங்க இந்தச் சான்றிதழ் உதவாது.

அதிகப் பணம் பறிபோவது இறந்தவரின் நிலத்தை வாங்குவதில்தான். நீதிமன்றம் நியமித்த நிர்வாகி, அதே நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ கூடாது (பிரிவு 307). மீறி விற்றால், சொத்தில் உரிமையுள்ள எவரும் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரப் பதிவு முடிந்திருந்தாலும் அந்தக் குறை தீராது. முன்பணம் தருவதற்கு முன்பே அனுமதி ஆணையின் சான்றிட்ட நகலை வாங்கி, சர்வே எண்ணை ஒப்பிடுங்கள். உயிலின்படி செயல்படுபவர் விற்றால், உயிலில் விற்பனைக்குத் தடை உண்டா என்று பாருங்கள்.

இரண்டு பேர் ஒரே பணத்தைக் கேட்டால் யாருக்கும் கொடுக்காதீர்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 88ஆம் பிரிவில் வழக்குப் போட்டு, பணத்தை நீதிமன்றத்தில் கட்ட அனுமதி கேளுங்கள். ஒருவரிடமே கொடுக்கும்போதும் வங்கி வழியாகக் கொடுத்து, ரசீதில் நீதிமன்ற ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.