அடுத்தவர் செய்த கார் வயரிங்கை நீங்களே சோதிப்பது எப்படி

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் 22 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கிறேன். போன தைப்பூச சமயம், இரவு கடையை மூடப்போகும் நேரத்தில் ஒரு வெள்ளை டீசல் கார் வந்து நின்றது. பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பம். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிவந்த தம்பி இறங்கி, "அண்ணே, ஒட்டன்சத்திரம் தாண்டினதுல இருந்து மீன் கருகுற மாதிரி வாடை வருது. ஏசியை நிறுத்திப் பார்த்துட்டேன், போகல" என்றார்.

பல்பு ஹோல்டரோ, வயரைச் சொருகும் பிளாஸ்டிக் கப்ளரோ சூடேறி உருகும்போது பல நேரம் அப்படித்தான் வாடை வரும். முதலில் பிள்ளைகளை இறக்கச் சொன்னேன். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது ஹெட்லைட்டின் கப்ளர் வெள்ளை நிறமாக இருந்திருக்க வேண்டும். காபிப்பொடி நிறத்தில் இருந்தது. மூன்று டெர்மினலில் ஒன்று பிளாஸ்டிக்குக்குள் சாய்ந்து புதைந்துபோயிருந்தது. கம்பெனி போட்டது 60/55 வாட் பல்பு, அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. இதில் இருந்தது 100/90 வாட். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டையில் வயர் உரசி, நகம் அளவுக்குத் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. அங்கிருந்து பியூஸ் பாக்ஸ் வரைக்கும் நாலு வயரும் பாகில் முக்கியது போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பியூஸ் பாக்ஸில் சிவப்பு பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. அதாவது 10 ஆம்பியர் இடத்தில் 30.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று எங்கோ கொண்டுபோயிருக்கிறார். "இனிமே போகவே போகாது" என்று சொல்லிப் பெரியதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னபடியே பியூஸ் போகவில்லை. உரசிய இடத்தில் 20, 25 ஆம்பியர் கசிந்திருக்கும். 10 ஆம்பியர் பியூஸ் இருந்திருந்தால் உடனே அறுந்து லைட் அணைந்திருக்கும். 30 ஆம்பியர் பியூஸுக்கு அது ஒரு பாரமே இல்லை. ஒரு எம்எம்கூட இல்லாத வயர்தான் அவ்வளவையும் தாங்கியது.

பியூஸ் பல்பைக் காப்பாற்ற இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற இருக்கிறது. வயர் தாங்கும் அளவை வைத்துத்தான் பியூஸ் அளவைத் தீர்மானிக்கிறார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே நான் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும். பழைய கார் வாங்கியிருந்தாலும் சரி, ஆக்சஸரீஸ் கடையில் லைட், ஹார்ன், செட், கேமரா என்று மாட்டியிருந்தாலும் சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கையில் வேண்டியவை: டார்ச், 10 நம்பர் ஸ்பேனர், சாதாரண மல்டிமீட்டர். அவ்வளவுதான். மோதிரம், கைச்செயின், இரும்புப் பட்டை போட்ட வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி பிளஸுக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரலோடு சேர்ந்து பழுத்துவிடும். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸைக் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பெரிய ஷார்ட்.

முதலில் பேட்டரி பிளஸ்

இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து பிளஸ் டெர்மினலை மட்டும் பாருங்கள். கம்பெனி வயர் தடியாக, உறை போட்டு, ஒழுங்காக இருக்கும். அதோடு சேர்த்து நட்டுக்குக் கீழே சொருகியிருக்கும் மெல்லிய வயர் எல்லாமே பிற்பாடு வந்தவை. ஒவ்வொன்றையும் விரலால் பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் ஹோல்டர் வர வேண்டும். உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே பியூஸ் போட்டிருக்கிறோம் என்று சொல்வார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. பேட்டரியிலிருந்து அந்த பியூஸ் வரைக்கும் போகிற வயர் எங்கே உரசினாலும் தடுக்க ஆளில்லை. அப்படி ஒரு வயர் கிடைத்தால் அன்றைக்கே பிளஸிலிருந்து கழற்றி, முனையை டேப் சுற்றி ஒதுக்குங்கள். எதற்குப் போகிறது என்பதைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

அதே வயர் இன்ஜின் பக்கமிருந்து உள்ளே எப்படிப் போகிறது என்று பாருங்கள். தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் போடாமல் இழுத்திருந்தால் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. வண்டி அதிர அதிரத் தோலை அறுக்கும். ஒரு வருடமும் ஆகலாம், நாலு வருடமும் ஆகலாம்.

பியூஸ் பாக்ஸ்

மூடியின் உள்பக்கம் எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பியூஸின் நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: பிரவுன் 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. மூடியையும் பாக்ஸையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அச்சிட்டதை விடப் பெரியது எங்காவது இருந்தால் சரியானதை வாங்கிப் போடுங்கள். உடனே போய்விட்டதா? நல்லது, கோளாறு எங்கேயோ இருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்லிவிட்டது. கோளாறைத் தேடுங்கள். பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பர், ஒற்றைச் செம்புக் கம்பி, வளைத்த ஊக்கு எல்லாம் என் கையால் எடுத்திருக்கிறேன். அப்படி இருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். முதலில் ஐந்து ரூபாய் பத்து ரூபாய் பியூஸ் வாங்கி வாருங்கள்.

வாட்டை 12 ஆல் வகுங்கள்

அதிக வெளிச்சத்துக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. வத்தலக்குண்டு ரோட்டில் இரவில் ஓட்டுபவர்களுக்கு அது தேவைதான். ஆனால் கணக்குப் பார்க்காமல் மாட்டக் கூடாது. 60 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8.3. இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 14 பக்கம் ஏறுவதால் 9ஐத் தொடும். 10 ஆம்பியர் பியூஸில் மணிக்கணக்காக 9 ஆம்பியர் ஓடினால் அது களைத்துத்தான் போகும். இதோடு முடியவில்லை. வயரிலும் கப்ளரிலும் கிளம்பும் சூடு, கரண்ட் ஏறும் அளவுக்கு மட்டும் ஏறாது. அதன் வர்க்கத்தில் ஏறும். 5 ஆம்பியர் 8.3 ஆனால் சூடு ஏறக்குறைய 2.8 மடங்கு. அந்தத் தம்பியின் கப்ளர் காபிப்பொடி நிறமானது இதனால்தான்.

என்னைக் கேட்டால் 60/55 பல்பையே நல்லதாக வாங்கி, ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் பண்ணி, ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துக் கொடுங்கள் என்பேன். பழைய வண்டிகளில் சுவிட்ச் வழியாகவே பல்பின் முழுக் கரண்ட்டும் சுற்றி வருவதால் வழியில் ஒரு வோல்ட்டுக்கு மேல்கூட விழுந்துவிடும். ரிலே வைத்தால் பேட்டரியிலிருந்து நேராக வரும். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்தே கூடும்.

ரிலேயில் நம்பர் போட்டிருக்கும். 30க்குப் பேட்டரி பிளஸ், பியூஸ் வழியாக. 87 பல்புக்கு. 86க்குப் பழைய ஹெட்லைட் வயர், 85க்கு எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த பாடி. 86க்கும் 85க்கும் நடுவில் ஓடுவது 0.2 ஆம்பியருக்கும் குறைவு, அதனால் பழைய சுவிட்ச் நிம்மதியாக இருக்கும். நடுவில் 87ஏ என்று ஒரு பின் இருந்தால் அதைத் தொடாதீர்கள். ரிலே அணைந்திருக்கும்போது அதில் கரண்ட் வரும். காரை நிறுத்திவிட்டுப் போன பிறகும் லைட் எரிகிறது என்று வந்த வண்டிகளில் இரண்டு மூன்று இந்தத் தப்புதான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: புது மாடல் கார்களில் பலவற்றில் ஹெட்லைட் கம்ப்யூட்டர் வழியாக எரிகிறது. அதில் வயரை வெட்டிச் சொருகும் வேலை வேண்டவே வேண்டாம். கம்பெனி கப்ளருக்கும் பல்புக்கும் நடுவில் சொருகுகிற மாதிரி ரெடிமேட் ஹார்னஸ் அந்த மாடலுக்கு இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பு போடுவது பற்றியும் தினமும் கேட்கிறார்கள். கரண்ட் குறைவு, வயருக்கு நல்லது. ஆனால் அந்த ரிஃப்ளெக்டர் ஹாலோஜன் இழை நிற்கும் இடத்தை வைத்து அளவெடுத்துச் செய்தது. வெளிச்சம் கிளம்பும் இடம் சற்று விலகினாலும் கதிர் கண்டபடி சிதறி எதிரே பைக்கில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஒரு சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு தெளிவாக விழ வேண்டும். விழவில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

ஜாயின்ட்

ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்துப் பாருங்கள். இரண்டு வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றித் தொங்கவிட்டிருந்தால் அதுதான் அடுத்த கோளாறு. நம் ஊர் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை இளகி, டேப் வாழை மட்டை மாதிரி உரிந்து வந்துவிடும். உள்ளே வெறும் செம்பு. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய வயரைக் காரில் போட்டிருப்பதையும் பார்க்கிறேன். காருக்கென்று விற்கும் வயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும், அதிர்வைத் தாங்கும், தோலும் சூட்டைத் தாங்கும்.

நல்ல ஜாயின்ட் எப்படி இருக்கும்? இரண்டு முனையையும் ஒரு செம்புக் குழாயில் நுழைத்து, கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டிச் சுருக்கியிருப்பார்கள். கையால் பலமாக இழுத்தாலும் வராது. சாதாரணப் பிளையரால் நசுக்கியது இழுத்ததும் வந்துவிடும். ஈயம் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் ஈயம் முடியும் விளிம்பில் வயர் விறைத்துப்போய் அங்கேதான் ஒடியும். அதனால் வைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வயரைக் கட்டி ஆடாமல் நிறுத்த வேண்டும்.

அங்கே மஞ்சள் நிறக் கப்ளரோ மஞ்சள் உறையோ தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக். அதில் டெஸ்ட் லேம்ப்பும் வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம். சீட்டில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அதை மூடித் தைத்த சீட் கவரையும் கழற்றிவிடுங்கள்.

எர்த்

லைட் மங்கல், ஹார்ன் கம்மல், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட் சேர்ந்து துடிக்கிறது என்றால் பெரும்பாலும் எர்த்தான் காரணம். பெயின்ட் மேல் வைத்து முறுக்கிய ஸ்க்ரூ எர்த் ஆகாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையைப் பல்பின் எர்த் டெர்மினலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, லக் (வயர் முனையில் இருக்கும் வளையம்) வைத்து முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இதேபோல பேட்டரி பிளஸுக்கும் பல்பின் பிளஸுக்கும் நடுவில் பார்த்தால் 0.5க்குள் இருக்க வேண்டும்.

நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்குகிறதா

மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாட்டி இணையுங்கள். கதவைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கம்ப்யூட்டர் எல்லாம் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால், 45 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி 90 மணி நேரத்தில் காலி, அதாவது நாலு நாள்கூட வராது. பியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் இறங்குகிறதோ அந்த வழியில்தான் செட்டோ கேமராவோ சாவியைக் கேட்காமல் நேராக மாட்டியிருக்கிறார்கள்.

பழைய கார் வாங்குபவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பாருங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென் மாவட்ட வெள்ளமும் என்று தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்றால் வெளியே ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கறை கோடாக இருக்கும். கார்பெட்டைத் தூக்கி ஒரு கப்ளரைப் பிரியுங்கள். டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தால் வாங்காதீர்கள். அதை ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடியாது.

வேலைக்குக் கொடுக்கும்போது

கூடுதலாக மாட்டக் கொடுத்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கம்பெனி வயரை வெட்டக் கூடாது, தனி பியூஸ், தனி ரிலே வேண்டும். ஜோடி ஹார்னுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் வயரும் 20 ஆம்பியர் பியூஸும் கேளுங்கள். பலவிதமாகப் பாடும் ஹார்ன் மோட்டார் வாகன விதிப்படி கூடாது, அதைக் கேட்காதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் வெட்டிய வயரைப் பார்த்ததும் சர்வீஸ் சென்டரில் கை விரித்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்குங்கள். எந்த வயர், என்ன நிறம், எந்த பியூஸ், ரிலே எங்கே இருக்கிறது என்று நாலு வரி போதும். அதை பியூஸ் பாக்ஸ் மூடிக்குள் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். போன மழைக்காலத்தில் கேரளா பதிவெண் கார் ஒன்று ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்தது. மூடியைத் திறந்தால் யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் மலையாளத்தில் எழுதி ஒட்டிய சீட்டு. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நடுவில் 30, 87, 20, 2.5 என்று நம்பரும், இடது பக்கம் அம்புக்குறி போட்ட ஒரு சின்னப் படமும் இருந்தன. அம்பு காட்டிய இடத்தில் கையை விட்டேன், ரிலே தட்டுப்பட்டது. பத்து நிமிடத்தில் ஹார்ன் அடித்தது.