தீவிர நோய்க்கு இரண்டாவது மருத்துவக் கருத்து: கேட்க வேண்டியதும் கொண்டுபோக வேண்டியதும்

புற்றுநோய் என்றோ பெரிய அறுவை சிகிச்சை தேவை என்றோ மருத்துவர் சொன்னதும், அவரிடமே முதலில் கேட்க வேண்டியது, சிகிச்சையைத் தொடங்க எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதுதான். மாரடைப்பு, பக்கவாதம், தண்டுவடத்தை அழுத்தும் கட்டி, வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய் ஆகியவற்றில் இரண்டாவது கருத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. மார்பகம், புராஸ்டேட், தைராய்டு ஆகியவற்றில் வரும் பல புற்றுநோய்களுக்கு ஓரிரு வாரம் பொறுப்பதால் பொதுவாகக் கெடுதல் நேர்வதில்லை. ஆனாலும் உங்கள் நோய்க்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது கருத்துப் பெறுவதை முதல் மருத்துவருக்குத் தெரியாமல் செய்ய வேண்டியதில்லை. பெரிய முடிவு என்பதால் இன்னொருவரிடமும் காட்ட விரும்புகிறோம் என்று நேராகச் சொல்லி, ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். சிக்கலான நோயாளிகளைப் பற்றி மருத்துவர்களே கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள் என்பதால், இந்தக் கோரிக்கை அவர்களுக்குப் புதிதல்ல.

பலரும் அறிக்கைத் தாள்களை மட்டும் கோப்பில் வைத்து எடுத்துப் போகிறார்கள்; எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அறிக்கை என்பது ஏற்கெனவே ஒருவர் பார்த்து எழுதிய கருத்து. அதைப் படித்துவிட்டுச் சொல்லப்படும் இரண்டாவது கருத்தில், முதலில் பார்த்தவரின் பிழை இருந்தால் அதுவும் அப்படியே தொடரும். ஆகவே, பயாப்ஸி (சோதிப்பதற்காகத் திசுவில் சிறிது எடுப்பது) செய்திருந்தால், அந்தத் திசுவின் கண்ணாடி ஸ்லைடுகளையும், திசு பதிக்கப்பட்டிருக்கும் மெழுகுக் கட்டிகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துப் பெற்று, வேறொரு நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் மறுபடி பார்க்கும்படி செய்யுங்கள். நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமாவின் வகையும், புராஸ்டேட் புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பும், மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்ற சோதனையின் முடிவும் சிகிச்சையையே மாற்றக்கூடியவை. இவற்றைப் பார்ப்பவர்களுக்குள் சில சமயம் கருத்து வேறுபாடு வருவதுண்டு. ஸ்கேன்களையும் அச்சிட்ட பிலிமாக அல்லாமல், எல்லாப் படங்களும் அடங்கிய டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினி வடிவம்) கோப்புகளாகக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ வாங்குங்கள். மருந்துப் பட்டியலும் பழைய அறுவை சிகிச்சை விவரங்களும் உடன் இருக்கட்டும்.

இரண்டாவது மருத்துவர் வேறு மருத்துவமனையைச் சேர்ந்தவராகவும், அந்த நோயை அடிக்கடி பார்ப்பவராகவும் இருப்பது நல்லது. பரவாத புராஸ்டேட் புற்றுநோயைப் போல, அறுவையும் கதிர்வீச்சும் இரண்டுமே வழியாக இருக்கும் நோய் என்றால், அறுவை நிபுணரிடம் முதலில் காட்டியவர்கள் கதிர்வீச்சு சிகிச்சை நிபுணரையும் பார்க்க வேண்டும். முதல் மருத்துவர் என்ன சிகிச்சை சொன்னார் என்பதை எடுத்தவுடன் சொல்லிவிடாமல், படங்களையும் ஸ்லைடுகளையும் பார்த்தபின் இரண்டாவது மருத்துவர் என்ன நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். நோயின் பெயர் உறுதியானதா, எந்த நிலையில் இருக்கிறது, சிகிச்சையே செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழிகள் உண்டா என்பவற்றை முன்பே எழுதிக்கொண்டு போங்கள். பதில்களைக் குறித்துக்கொள்ள நிதானமான ஒருவர் உடன் வரட்டும், ஏனெனில் அச்சத்தில் இருப்பவர் காதில் பாதிதான் விழும்.

இரண்டு கருத்துகளும் முரண்பட்டால், பிடித்ததைச் சொல்லும் மருத்துவர் கிடைக்கும்வரை அலைய வேண்டாம். வேறுபாடு நோயைக் கண்டறிந்ததிலா, சிகிச்சையைத் தேர்ந்ததிலா என்று பிரித்துக் கேளுங்கள். முன்னது என்றால் திசுவை மூன்றாவது நிபுணர் ஒருவர் பார்ப்பது அவசியம். பின்னது என்றால் இரு மருத்துவர்களையும் ஒருவரோடொருவர் பேசுமாறு கேட்கலாம்.

கருத்தை எழுத்தில் வாங்கி, அதன் நகலை முதல் மருத்துவரிடம் கொடுங்கள். ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டிகளையும் மறக்காமல் ஆய்வகத்தில் திரும்ப ஒப்படையுங்கள். பிற்பாடு புதிய பரிசோதனை தேவைப்பட்டால் அந்தத் திசுவையே எடுத்துப் பார்ப்பார்கள்.