பூட்டியிருக்கும் நாட்களை நினைத்து வாங்க வேண்டிய ஜப்பான் வீடு

ஜப்பானில் வெளிநாட்டவர் நிலத்தையும் வீட்டையும் தம் பெயரிலேயே முழு உரிமையோடு வாங்கலாம். அதற்குக் குடியுரிமையோ அங்கே வசிப்பதற்கான அனுமதியோ தேவையில்லை. ஆனால் பத்திரம் கையில் இருப்பதால் விசா கிடைத்துவிடாது. சுற்றுலாப் பயணியாக வருபவர் பொதுவாக ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நாட்கள்தான் தங்க முடியும் என்பதால், வாங்கிய வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். ஊரைத் தேர்வது முதல் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது வரை எல்லா முடிவுகளையும் அந்தப் பூட்டிய நாட்களை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கும் ஜப்பானிய ஓய்வு வீடுகளுக்கும் உள்ள உறவு பழையது. அலெக்சாண்டர் கிராஃப்ட் ஷா என்ற மதபோதகர் 1886இல் கருயிசாவாவுக்கு வந்து, அதன் குளிர்ச்சியில் மயங்கி 1888இல் அங்கே ஒரு வீடு அமைத்துக்கொண்டார். அந்த ஊர் கோடைவாசத் தலமானது அதன் பிறகுதான். தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறத்தாழ 70 நிமிடப் பயணம். ஆனால் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊரின் பனிமூட்டமும் ஈரமும், கண்ணுக்கு இதமான பாசியை மரத்தடியில் வளர்ப்பதைப் போலவே, மூடிய வீட்டின் அலமாரியில் பூஞ்சணத்தையும் வளர்க்கும். கடலும் வெந்நீர் ஊற்றும் வேண்டுமென்போர் அதாமியைப் பார்க்கலாம். அங்கே ஓய்வு வீடுகளுக்கென்றே 1976 முதல் தனி வரி உண்டு, தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 650 யென்.

பனிச்சறுக்கு ஊரான எச்சிகோ-யுசாவாவில், சொத்து விலைகள் அளவுக்கு மீறி ஊதிப்பெருகிய 1980களின் பொருளாதாரக் குமிழிக் காலத்தில் எழுந்த அடுக்ககங்களில் சிலவற்றின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். அந்த விலையைக் கண்டு மயங்க வேண்டாம். மாதாமாதம் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தையும் பழுதுபார்ப்பு நிதியையும் முதலில் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால், சட்டப்படி அதை அடுக்ககச் சங்கம் புதிய உரிமையாளரிடமும் கேட்கலாம். இருந்தாலும், பனியை அள்ளவும் குழாயைக் காக்கவும் அங்கே ஆள் இருப்பதால், தொலைவில் வாழ்பவருக்குத் தனிவீட்டைவிட அடுக்ககமே பொருத்தம் என்பது என் கருத்து.

தனிவீடுதான் வேண்டுமென்றால், ‘அகியா’ எனப்படும் ஆளற்ற வீடுகளைப் பல ஊராட்சிகள் தாங்களே பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள், அதாவது மொத்தத்தில் 13.8 விழுக்காடு, காலியாக உள்ளன. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. நிலநடுக்கத்துக்கான புதிய கட்டட விதிகள் 1981 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தன. வீடு எந்த ஆண்டு கட்டி முடிந்தது என்பதைவிட, அதன் கட்டட அனுமதி அந்தத் தேதிக்குப் பின் பெறப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பொதுவாக மனை 4 மீட்டர் அகலச் சாலையைக் குறைந்தது 2 மீட்டராவது தொட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய வீட்டை இடித்தபின் புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். வீட்டோடு வயலும் சேர்ந்து வந்தால், வேளாண் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அந்த வயல் உங்கள் பெயருக்கு மாறாது. வெள்ளம், மண்சரிவு அபாயத்தைக் காட்டும் வரைபடத்தை ஊராட்சி இலவசமாகவே தருகிறது. கூரையைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஜப்பானிய வங்கிகள் கடன் தருவது அரிது; பெரும்பாலும் முழுத் தொகையையும் கையில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். 80 லட்சம் யென்னுக்கு மேற்பட்ட வீட்டுக்குத் தரகர் கட்டணத்தின் உச்சவரம்பு, விலையில் 3 விழுக்காட்டோடு 60,000 யென்னும் அதன்மேல் நுகர்வு வரியும். அதற்குக் குறைந்த விலையுள்ள வீட்டுக்கு 2024 ஜூலை முதல் 3,30,000 யென் வரை கேட்கலாம். ஒப்பந்தத்துக்கு முன் உரிமம் பெற்றவர் சொத்தின் முக்கிய விவரங்களை வாசித்து விளக்க வேண்டும் என்பது சட்டம். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால், அந்த நாளுக்காவது மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். பதிவு வேலையை ‘ஷிஹோ ஷோஷி’ எனப்படும் சட்ட எழுத்தர் பார்த்துக்கொள்வார். ஜப்பானில் தம் பெயர் முத்திரையைப் பதிந்து பெறும் சான்று இல்லாதவர், தம் நாட்டில் நோட்டரி முன் செய்த உறுதிமொழிப் பத்திரத்தால் முகவரியை நிறுவலாம். 2024 ஏப்ரல் முதல், வெளிநாட்டில் வாழும் உரிமையாளரின் உள்நாட்டுத் தொடர்பாளர் யார் என்பதையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அன்னியச் செலாவணிச் சட்டப்படி 20 நாட்களுக்குள் அளிக்கும் அறிக்கை உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அந்தச் சட்ட எழுத்தரிடமே கேட்டுவிடுங்கள்.

ஜனவரி 1ஆம் தேதி யார் பெயரில் சொத்து இருக்கிறதோ, அவருக்கு அந்த ஆண்டின் சொத்து வரி வரும். பொது விகிதம் மதிப்பீட்டில் 1.4 விழுக்காடு. அறிவிப்பு ஜப்பானிய மொழியில் தபாலில் வருமாதலால், வரிப் பிரதிநிதி ஒருவரை நியமித்து ஊராட்சிக்குத் தெரிவியுங்கள். தீக்காப்பீட்டோடு நிலநடுக்கக் காப்பீட்டையும் சேர்த்தெடுங்கள். அதன் தொகை தீக்காப்பீட்டுத் தொகையில் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள்தான் அமையும்.

அக்கம்பக்கம் இதையெல்லாம்விட முக்கியம். எதிரில் மூன்று வீடு, இருபுறமும் ஒவ்வொரு வீடு என்று கணக்கிட்டு, குடிபுகுந்ததும் சிறு பரிசோடு சென்று அறிமுகம் செய்துகொள்வது அங்கே பழைய வழக்கம். மொழி தெரியாவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். குடியிருப்போர் சங்கத்துக்குச் சந்தா உண்டா, புல் வெட்டும் நாள் எது, குப்பை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதெல்லாம் அந்த ஐந்து வீடுகளில்தான் தெரியவரும். ஆளில்லாத நாளில் கூரை ஓடு சரிந்தால் முதலில் பார்ப்பவரும் அவர்களே. ஆனாலும் மாதம் ஒருமுறை சன்னல் திறந்து காற்றோட்டம் தருவதற்குக் கட்டணம் பெறும் ஆளை வைப்பதே முறை. அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை வேலையாக மாற்றக் கூடாது.

தங்கும் நாட்களை ஒரே கோடையில் செலவிடாமல் பிரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மலைக்கீரைகள், அக்டோபர் இறுதியில் சிவக்கும் மேப்பிள், பிப்ரவரியில் அடியில் சூடேற்றி மெத்தை போர்த்திய ‘கொத்தாட்சு’ மேசையின் கதகதப்பு என ஒரே சன்னல் வழியே மூன்று காலங்களைப் பார்ப்பது ஓட்டலில் தங்குபவருக்குக் கிட்டாது. நெடுஞ்சாலை ஓரத்து ‘மிச்சி நோ எகி’ கடைகளில் உழவர்கள் காலையில் வைத்த காய்கறிகளை வாங்கிச் சமைப்பதும், மாலையில் ஊர்ப் பொதுக் குளியலகத்தில் உடலைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்குவதும் இரண்டாம் வாரத்துக்குள் பழகிவிடும்.

புறப்படும் நாளுக்கென ஒரு நடைமுறை வேண்டும். குளிர் ஊர்களில் குழாய்த் தண்ணீரை முழுதும் வடிக்கும் ‘மிசுநுகி’யைச் செய்யாவிட்டால், உறைபனி குழாயைப் பிளந்துவிடும், வெந்நீர்க் கலத்தையும் கழிவறைத் தொட்டியையும் மறக்க வேண்டாம். குளிர்பெட்டியை அணைத்து அதன் கதவைத் திறந்தே விடுங்கள், அலமாரிகளையும் அப்படியே. குப்பை வண்டி குறித்த நாளில், காலையில்தான் வரும். முந்தின இரவே பையை வெளியே வைப்பது பல ஊர்களில் கூடாது. ஆகவே பயணச்சீட்டை எடுக்கும் முன் அந்த ஊரின் குப்பை நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.