எக்ஸ்ட்ரா கிரெடிட் கேட்கும் முன்: பிள்ளைகளும் பெற்றோரும் செய்யும் தவறுகள்

காலாண்டு முடிய நான்கு நாள்தான் இருக்கும். பள்ளியின் இணையதளத்தைத் திறந்தால் கணக்குப் பாடத்தில் 'சி' என்ற சுமாரான கிரேடு நிற்கும். "டீச்சரிடம் போய் எக்ஸ்ட்ரா கிரெடிட் கேள்" என்று பிள்ளையை அனுப்புவோம். வழக்கமான வேலைக்கு மேல் ஏதாவது செய்து கூடுதல் மதிப்பெண் வாங்குவதுதான் எக்ஸ்ட்ரா கிரெடிட். அமெரிக்காவில் மிடில் ஸ்கூல், அதாவது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, படிக்கும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இது நடக்கிறது. எங்கள் வீட்டிலும் நடந்தது. மகள் அப்போது ஏழாம் வகுப்பு. டீச்சர் இல்லை என்று சொல்லிவிட்டார், அவள் முகம் வாடித் திரும்பி வந்தாள். அன்று இரவு இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான், அவள் கொடுக்க மறந்த இரண்டு வீட்டுப்பாடங்கள் பூஜ்ஜியமாகக் கிடந்தது தெரிந்தது.

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்: விட்டுப்போன வேலையை அப்படியே விட்டுவிட்டுப் புது வேலை தேடுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து அசைன்மென்ட், ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். நான்கில் 17, 18, 16, 19 வாங்கிய பிள்ளை ஐந்தாவதைக் கொடுக்கவே இல்லை. மொத்தம் 100-க்கு 70. எக்ஸ்ட்ரா கிரெடிட்டில் 5 கிடைத்தால் 75. அந்த ஐந்தாவதைத் தாமதமாகக் கொடுத்து, தாமதத்துக்காகப் பாதி மதிப்பெண் மட்டுமே கிடைத்தாலும் 80. பல ஆசிரியர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டு தாமதமான வேலையை ஏற்பார்கள். ஆனால் அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. அது தாண்டும் முன் பார்த்துவிட வேண்டும்.

பரீட்சைத் தாளும் அப்படித்தான். தவறான விடைகளைத் திருத்தி, எங்கே பிசகியது என்று எழுதிக் கொடுத்தால் இழந்ததில் பாதியைத் திருப்பித் தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இருபது கேள்விகளில் எட்டு தவறாகி 60 வாங்கிய பிள்ளைக்கு அது 80 ஆகிவிடும். இதைப் பலர் எக்ஸ்ட்ரா கிரெடிட் என்று எண்ணுவதே இல்லை, அதனால் கேட்பதும் இல்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. மதிப்பெண்ணும் ஏறும், விட்ட பாடமும் புரியும்.

அடுத்தது, எத்தனை பாயிண்ட் என்று மட்டும் பார்த்து, எந்தப் பிரிவில் என்று பார்க்காமல் விடுவது. நிறைய வகுப்புகளில் மதிப்பெண்ணைப் பிரிவு பிரிவாகப் பிரித்திருப்பார்கள். பரீட்சைக்கு 50 சதவீதம், வகுப்பு வேலைக்கு 30, வீட்டுப்பாடத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப்பாடப் பிரிவின் மொத்தம் 200 பாயிண்ட் என்றால், அங்கே கிடைக்கும் 10 பாயிண்ட் அந்தப் பிரிவை 5 சதவீதம் உயர்த்தும். இறுதி கிரேடில் அது வெறும் 1 சதவீதம். பரீட்சைப் பிரிவின் மொத்தமும் 200 ஆக இருந்தால் அதே 10 பாயிண்ட் அங்கே 2.5 சதவீதம். ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து போஸ்டர் செய்வதா வேண்டாமா என்பதை இந்தக் கணக்கைப் போட்ட பிறகு முடிவு செய்யலாம். பிரிவுகளின் பங்கு, எக்ஸ்ட்ரா கிரெடிட் உண்டா, அதற்கு உச்சவரம்பு உண்டா என்பதெல்லாம் ஆண்டின் முதல் வாரத்தில் வரும், வகுப்பு விதிகளைச் சொல்லும் சிலபஸ் தாளிலேயே பெரும்பாலும் இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொரு சின்னக் குழப்பம். கிரேடுப் பட்டியலில் '5/0' என்று பார்த்துப் பதறும் பெற்றோர் உண்டு. சில மென்பொருள்களில் எக்ஸ்ட்ரா கிரெடிட்டை மொத்தம் பூஜ்ஜியம் என்றுதான் பதிவு செய்வார்கள். கிடைத்த 5 அப்படியே கூடுதலாகச் சேரும். செய்யாத பிள்ளைக்கு எதுவும் குறையாது.

சரி, கேட்பது என்று முடிவானால் எப்போது, யார், எப்படிக் கேட்பது? கடைசி வாரத்தில் கேட்பது வீண். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான ஆசிரியரின் நிலை. நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் ஒருவர் கடைசி நேரத்தில் புதிதாக ஒன்றைத் தயாரித்து, திருத்தி, பதிவேற்றவும் முடியாது. காலாண்டின் நடுவில் வரும் முன்னேற்ற அறிக்கைதான் கேட்கச் சரியான நேரம். அப்புறம், கேட்பது பிள்ளையாக இருக்கட்டும். பதினோரு, பன்னிரண்டு வயதில் ஆசிரியரிடம் நேராகப் பேசக் கற்றுக்கொள்வது அந்த 5 பாயிண்ட்டைவிடப் பெரிது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அம்மாவின் மின்னஞ்சல் முதலில் போய் நின்றால் அந்த வாய்ப்பு போய்விடும். "என் மார்க்கை ஏற்ற என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்பதற்குப் பதில், "பின்னங்கள் பரீட்சையில் எனக்கு 64. வகுத்தலில்தான் தவறுகள். திருத்தி எழுதிக் கொடுக்கலாமா, அல்லது கூடுதலாகப் பயிற்சி ஏதாவது செய்யலாமா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆசிரியருக்கும் எளிது. இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். கிரேடு என்பது பிள்ளை கற்றதை மட்டுமே காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் எக்ஸ்ட்ரா கிரெடிட்டையே அனுமதிக்காத பள்ளிகளும் உண்டு. அங்கே ஆசிரியரை நெருக்குவதில் பயனில்லை.

வாய்ப்பு கிடைத்த பிறகும் தவறுகள் நடக்கின்றன. கூடுதல் வேலைதானே என்று அரைகுறையாகச் செய்து கொடுப்பது ஒன்று. பெற்றோரே உட்கார்ந்து செய்து முடிப்பது இன்னொன்று. இரவு பதினோரு மணிக்கு அப்பா எரிமலை மாதிரிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்க, பிள்ளை தூங்கப் போயிருக்கும். வேண்டுமானால் பொருள் வாங்கிக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள், கை வைக்காதீர்கள். சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிக் கொடுப்பது இவற்றைவிட ஆபத்து. கட்டாயமில்லாத வேலையில் பிடிபட்டாலும் அது ஏமாற்று வேலையாகவே பதிவாகும். இருந்த நல்ல பெயரும் போகும்.

போட்டிகளில் கலந்துகொண்டால் சில ஆசிரியர்கள் பாயிண்ட் தருவார்கள். ஏஎம்சி 8 என்ற கணிதத் தேர்வு 40 நிமிடத்தில் 25 கேள்விகள், ஒரே நாளில் முடிந்துவிடும். நேஷனல் ஹிஸ்டரி டே என்ற வரலாற்று ஆய்வுப் போட்டி அப்படியல்ல. ஆதாரங்களைத் தேடிப் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பெழுதி, மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். வரலாற்றில் ஆசை இருக்கும் பிள்ளைக்கு அது அருமையான அனுபவம். பாயிண்ட்டுக்காக மட்டும் சேர்த்துவிட்டால் பாதியில் நிற்கும்.

'கிரெடிட்' என்ற சொல்லைக் கேட்டு, இது ஹைஸ்கூல் கணக்கில் சேருமோ என்று வரும் தவறான பயமும் உண்டு. ஹைஸ்கூலில் பட்டம் பெறச் சேர்க்கும் கிரெடிட் வேறு, இது வேறு. மிடில் ஸ்கூல் கிரேடுகள் பொதுவாக ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலில் வருவதில்லை. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 போன்ற ஹைஸ்கூல் பாடம் எடுத்தால் சில இடங்களில் வரும். அதைப் பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றபடி, ஏற்கெனவே 96 வைத்திருக்கும் பிள்ளை 98 ஆக்குவதற்காக இரவு கண்விழித்துக் கூடுதல் தாள் நிரப்பிக்கொண்டிருந்தால், விளக்கை அணைத்துத் தூங்கச் சொல்லுங்கள்.