கார் பழுதுக்குச் சொல்லும் தொகை நியாயமானதா என்று பார்ப்பது எப்படி?

எஞ்சின் விளக்கு எரியும்போது ஸ்கேனரை மாட்டி, காரின் கணினி பதிந்துள்ள பழுதுக் குறியீட்டைப் படிப்பது சில நிமிட வேலைதான். அதற்கு மட்டும் பெருந்தொகை கேட்டால் யோசிக்க வேண்டும். ஆனால் குறியீடு பழுதான பாகத்தைக் காட்டிக் கொடுப்பதில்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்ததைக் குறிக்கும் பி0420 குறியீடு வந்தவுடன் புதுக் கன்வர்ட்டருக்கு விலை சொல்பவரிடம், ஆக்சிஜன் சென்சாரையும், சைலன்சர் குழாயில் கசிவு உள்ளதா என்பதையும் சோதித்தாரா என்று கேளுங்கள். அவ்வாறு சோதிப்பவருக்குத் தரும் கட்டணம், என் கருத்தில், வீண் செலவன்று. அது பின்னர் கூலியில் கழிக்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மதிப்பீட்டில் உதிரிபாகமும் கூலியும் தனித்தனியே இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் வரி அடங்கியிருப்பதால், அதன்மேல் மீண்டும் ஜிஎஸ்டி சேர்ப்பது தவறு. ஜிஎஸ்டி பதிவுபெற்ற பட்டறையில் கூலிக்கு 18 சதவீத வரி உண்டு. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.