குப்பைமேட்டுப் புகை வரும்போது வீட்டில் ஒரு அறையைக் காப்பாற்றுவது எப்படி

வடசென்னையில், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தால் கொருக்குப்பேட்டையில் இருக்கும் எங்களுக்கு டிவி பார்த்துத் தெரிய வேண்டியதில்லை, தொண்டையே சொல்லிவிடும். என் மாமியாருக்கு வீசிங் உண்டு. புகை நாட்களில் அவருக்காக வீட்டில் என்னென்ன செய்கிறோமோ அதைத்தான் எழுதுகிறேன். போகி விடியற்காலைக்கும் இதே முறைதான். மலையோரக் கிராமங்களில் காட்டுத்தீப் புகையில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடு முழுவதையும் அடைக்கப் பார்க்காதீர்கள், முடியாது. ஷீட் போட்ட வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருக்கும். ஒரே ஒரு அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் குறைவாக, அடுப்படியிலிருந்து தள்ளி, முடிந்தால் குப்பைமேட்டுக்கு எதிர்ப்பக்கமாக இருப்பது நல்லது. வயதானவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி, இழுப்பு உள்ளவர்கள் அந்த அறையில்தான் படுக்க வேண்டும்.

அடைப்பதற்குப் பெரிய செலவில்லை. கூரை இடைவெளியில் பழைய புடவையைச் சுருட்டி நெருக்கமாகத் திணியுங்கள். ஜன்னல் கதவு சரியாக மூடாத இடத்தில் பிரவுன் டேப். கதவுக்கு அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள், கதவை மூடும்போது துண்டு நசுங்க வேண்டும். சும்மா கிடந்தால் பயனில்லை. துணி புகையை வடிகட்டாது, உள்ளே வரும் காற்றின் அளவைத்தான் குறைக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடுங்கள். அது உள்காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்ப வெளிப்புகைதான் சந்துபொந்துகள் வழியாக வரும். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுவதால் அதைப் போடலாம். விண்டோ ஏசி என்றால் வெளிக்காற்றுத் திறப்பை மூடிவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், அடைத்த அறைக்குள் நாமே புகை போடக்கூடாது. கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். "நாத்தம் போக சாம்பிராணி போடுறேன்" என்று மாமியார் சொல்வார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கொசுவுக்கு வலை கட்டிவிடுங்கள். அன்றைக்கு எண்ணெய் காயவைத்துப் பொரிப்பது, மிளகாய் கிள்ளித் தாளிப்பது வேண்டாம். கஞ்சி, தயிர்சாதம், இட்லி போதும். மூடிய அறைக்குள் அடுப்போ மெழுகுவர்த்தியோ ஏற்றவே ஏற்றாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.

கண்ணை எரிக்கும் நெடி குறைந்துவிட்டால் புகை போய்விட்டது என்று அர்த்தமில்லை. கெடுதல் செய்வது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சிறியது, தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இந்தியாவில் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதி; உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவு 15. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் நம் பக்கத்துக் கருவிகளின் கணக்கைப் பார்க்கலாம். ஆனால் அதில் வரும் காற்றுத்தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துப் போடுவது. விடியற்காலையில் திடீரென்று புகை சூழ்ந்தால் எண் உடனே ஏறாது. அதனால் நான் மாடியேறி, இரண்டு தெரு தள்ளி இருக்கும் தண்ணீர் டேங்க்கையும் பார்ப்பேன். அதன் விளிம்பு மங்கலாகத் தெரிந்தால், எண் என்ன சொன்னாலும் மாமியாரை வெளியே விடமாட்டேன்.

காற்றின் போக்கையும் கவனிக்க வேண்டும். இரவில் காற்று அடங்கிவிடும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு கிடப்பதால் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே தங்கும். மதியம் கடற்காற்று ஏறினால் புகை மேற்கே முத்தமிழ் நகர்ப் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் நாங்கள் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை ஆற்றிக்கொள்வோம். கிடங்குக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இது தலைகீழ். வெயில் காலத்தில் இப்படித் திறப்பது கட்டாயம். ஷீட் வீட்டில் மத்தியானம் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும். அறை தாங்க முடியாத சூடானால் திறந்துவிடுங்கள், அல்லது புகை எட்டாத சொந்தக்காரர் வீட்டுக்கு அந்த அறையில் இருப்பவர்களை அனுப்பிவிடுங்கள்.

கிடங்குத் தீ ஒரு சாயங்காலத்தில் முடிகிற சமாசாரம் இல்லை. மட்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வந்துகொண்டே இருக்கும். மேலே தண்ணீர் அடித்தாலும் ஆழத்தில் கனல் உயிரோடு இருக்கும். அதனால் மாத்திரை, இன்ஹேலர், பால் பவுடர் எல்லாம் சில நாட்களுக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள்.

வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 மாஸ்க். ஈரக் கைக்குட்டை, துப்பட்டா எல்லாம் நுண்துகளைத் தடுக்காது. மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்திவிட்டு, பலமாக ஊதிப் பாருங்கள். கன்னத்தோரம் காற்று கசிந்தால் சரியாகப் பொருந்தவில்லை. அதைத் துவைக்கக்கூடாது. எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் வாயுவை இந்த மாஸ்க் நிறுத்தாது என்பதும் தெரிந்திருக்கட்டும். சின்னக் குழந்தைகளுக்கு இது பொருந்தாது, அவர்களை அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்கவில்லை என்றால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

புகை விலகியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், படிந்த சாம்பல் மறுபடி பறக்கும். ஈரத்துணியால் ஃபேன் இறக்கை, அலமாரி, கடைசியாகத் தரை என்று மேலிருந்து கீழாகத் துடையுங்கள். தண்ணீர் டிரம்களை மூடி வைக்கச் சொல்ல மறந்துவிட்டேனே, அதையும் முதலிலேயே செய்யுங்கள்.

தெருவில் யாராவது குப்பையோ டயரோ எரித்தால் சென்னை மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டு, புகார் எண்ணை வாங்கித் தேதியோடு எழுதி வையுங்கள். தீ பெரிதாக இருந்தால் 101. போகிக்கு முந்தைய வாரமே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசி, பழைய டயர், பாய், பிளாஸ்டிக்கையெல்லாம் குப்பை வண்டியில் ஏற்றிவிடுங்கள். எங்கள் சந்தில் அப்படித்தான் செய்கிறோம்.