ஒற்றைக் கையால் எடை தூக்கும் 'பென்ட் பிரஸ்' முறையைக் கற்பது எப்படி?

ஜெர்மானிய வீரர் ஆர்தர் சாக்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே கையால் ஏறத்தாழ 168 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தியது இம்முறையில்தான். இதில் கை எடையை மேலே தள்ளுவதில்லை. உடல்தான் எடைக்குக் கீழே இறங்கிச் செல்கிறது. இதை உணராமல் தோள் வலிமையை நம்பித் தொடங்குவது ஆபத்தானது.

வலக்கையில் டம்பெல்லைத் தோளருகே பிடித்து, முன்கை தரைக்குச் செங்குத்தாக இருக்குமாறு முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். இடது பாதத்தைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பி, எடையின் மீதிருந்து பார்வையை எடுக்காமல், இடக்கை இடது தொடை வழியே முழங்காலை நோக்கி இறங்கும்படி மெதுவாகச் சாயுங்கள். உடல் தாழத் தாழ, எடை ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்க, வலக்கை தானாகவே நீளும். முழங்கை முற்றிலும் நிமிர்ந்த பின்னரே, கையை அசைக்காமல் எழுந்து நில்லுங்கள்.

முதுகின் மேற்பகுதியும் இடுப்பும் நன்கு திரும்பாதவர்களுக்கு இது கைகூடாது. ஆகவே, வெறும் கையுடன் இவ்வசைவைப் பழகி, அது சீரான பிறகு இலேசான எடைக்குச் செல்வதே முறை. நான் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: தோளிலோ இடுப்பிலோ வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள். சமநிலை தவறும்போது எடையைத் தாங்கிப் பிடிக்க முயலாமல் விலகிக் கீழே விட, சுற்றிலும் போதிய இடம் இருக்க வேண்டும்.